ஈறில் ரத்தம் கசிந்தால்: முதல் நாளிலிருந்து மூன்றாம் மாதம் வரை செய்ய வேண்டியவை

தேனி மாவட்டம் கம்பத்தில் ஒரு பல் மருத்துவமனையில் பதினோரு வருடமாக உதவியாளராக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் விடியற்காலை ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளப் பக்கம் மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். வண்டன்மேடு, அணைக்கரை, சக்குப்பள்ளம் பக்கம் லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே) குடியிருப்பவர்களும் வருவார்கள். கீழே உள்ளவர்கள் 'ஈறு' என்பார்கள், வயதானவர்கள் 'எகிறு' என்பார்கள், மேலேயிருந்து வருகிறவர்கள் 'மோணை' என்பார்கள். எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: துலக்கும்போது ரத்தம் வருகிறது.

எல்லோரும் செய்யும் தவறும் ஒன்றுதான். ரத்தத்தைப் பார்த்ததும் அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சிலர் பிரஷ்ஷையே விட்டுவிட்டு விரலுக்கு மாறிவிடுகிறார்கள். அதற்கு அப்புறம்தான் நோய் வளர்கிறது. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை தெரிந்தால் பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரங்களில் சரியாகக்கூடியது.

1. காய்ச்சலா, கடியா, மாத்திரையா: முதலில் இதைப் பாருங்கள்

ஈறில் வரும் ரத்தம் பெரும்பாலும் அவசரமில்லாதது. ஆனால் கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் பிரஷ், பேஸ்ட் பற்றி யோசிக்க வேண்டாம். முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். அதனால்தான் இதை முதல் படியாக வைக்கிறேன்.

காய்ச்சலோடு ஈறில் ரத்தம் வந்தால் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் ஈறு, மூக்கு இவற்றில் ரத்தம் கசிவது எச்சரிக்கை அறிகுறி. இதில் ஒரு பொறி இருக்கிறது. காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். "காய்ச்சல் விட்டுடுச்சு, நாளைக்கு வேலைக்குப் போயிடலாம்" என்று கிளம்பும் நாளும் அதுவாகவே இருக்கும். அன்று வாய் கொப்பளிக்கும்போது ரத்தம் தெரிந்தால் ஜீப்பில் ஏறாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத் தட்டணுக்களை எண்ணிப் பாருங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. அவை ரத்தக் கசிவைக் கூட்டும்.

தோட்டத்தில் ஏதோ கடித்தது, என்னவென்று தெரியவில்லை, அப்புறம் ஈறில் ரத்தம் கசிகிறது என்றால் அது விரியன் வகைப் பாம்பாக இருக்கலாம். அந்த விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும், ஈறில் அது வெளியே தெரியும். கடிவாயில் வலி குறைவாக இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. கட்டுப்போடுவது, கீறுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். கை காலை அசைக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 108 தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளப் பக்கமும் ஒரே எண்தான்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதாவது இதய நோய்க்கோ பக்கவாதத்துக்கோ ஆஸ்பிரின், க்ளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவை எடுப்பவர்கள், ஈறில் ரத்தம் வருகிறது என்று தாங்களாக மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஈறு ரத்தத்தை நிறுத்தப் போய் நெஞ்சுக்கு ஆபத்தை வரவழைத்ததாகிவிடும். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு, எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே காட்டுங்கள்.

தொடாமலே ரத்தம் வருவது, தூங்கி எழுந்தால் தலையணையில் கறை இருப்பது, அடிபடாமலே தோலில் நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள் தெரிவது, உடல் வெளுத்து இளைத்துப் போவது, ஈறு முழுக்க வீங்கிப் பல்லை மூடுவது: இவற்றுக்கு முதலில் வேண்டியது ரத்தப் பரிசோதனை. பல் சுத்தம் செய்வது அதற்குப் பிறகுதான். ரத்தப் புற்றுநோய் முதன்முதலாக ஈறில் தெரிவதும் உண்டு. அரிதுதான், ஆனால் தவறவிடக் கூடாத அரிது.

பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் வேறு கணக்கு. சுத்தமான துணியை நனைத்துச் சுருட்டி, அந்த இடத்தில் வைத்து இருபது நிமிடம் அழுத்திக் கடித்துக்கொள்ளுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது, துப்பிக்கொண்டே இருக்கவும் கூடாது. உறைந்த கட்டி பெயர்ந்து மறுபடி ரத்தம் தொடங்கும். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள்.

2. ரத்தம் எங்கிருந்து வருகிறது

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிகள் சேர்ந்து வழவழப்பான ஒரு படலம் உண்டாகிறது. வெள்ளையும் மஞ்சளுமாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வரும். அதை எடுக்காமல் விட்டால் உடம்பு அந்த இடத்துக்கு ரத்தத்தை அதிகமாக அனுப்பிச் சண்டை போடுகிறது. ஈறு சிவந்து வீங்கி மெலிந்த தோலாகிறது. பிரஷ் பட்டதும் ரத்தம் வருகிறது. பிரஷ் குத்தியதால் வந்த ரத்தம் இல்லை அது. ஏற்கெனவே புண்ணாக இருந்த இடம் என்பதை பிரஷ் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

1965-இல் டென்மார்க்கில் ஹெரால்ட் லோ என்பவரும் அவருடன் இருந்தவர்களும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஈறு நன்றாக இருந்த பன்னிரண்டு பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி ஒழுங்காகத் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. துலக்குவதை நிறுத்தாதீர்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

படலம் சில நாள் அப்படியே இருந்தால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து படிந்து கல்லாகிறது. அதுதான் காரை. காரையை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. படலம் உங்கள் வேலை, காரை பல் மருத்துவர் வேலை. வழிகாட்டி முழுவதும் இந்தப் பிரிவினையில்தான் நிற்கிறது.

ரத்தத்தோடு நின்றால் அது ஈறு அழற்சி, முழுதாகக் குணமாகும். வருடக்கணக்கில் விட்டால் அழற்சி கீழே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கும். கரைந்த எலும்பு தானாக வளராது. பல் ஆடுவது அதற்கப்புறம்தான்.

3. கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம்

எதையும் வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள். பகல் வெளிச்சம், ஒரு கண்ணாடி, கைபேசி டார்ச் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.

ஈறின் நிறத்தைப் பாருங்கள். நல்ல ஈறு இறுக்கமாக, இரண்டு பல்லுக்கு நடுவில் கூர்மையாக இருக்கும். நம் ஆட்களில் பலருக்கு ஈறு இயல்பாகவே கறுப்பாக இருக்கும், அது நோயில்லை. பார்க்க வேண்டியது ஓரம் மட்டும். ஓரம் சிவந்து, பளபளத்து, உருண்டு தடித்திருந்தால் அழற்சி.

அடுத்து, கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று சுவர் மாதிரி தட்டுப்பட்டால் காரை. அங்கேயும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும்தான் காரை அதிகம் படியும், எச்சில் சுரப்பிகளின் வாய் அந்த இடங்களில்தான் திறக்கிறது.

பிறகு எண்ணுங்கள்: எத்தனை இடத்தில் ரத்தம்? ஒரே இடத்தில்தான் என்றால் அங்கே ஏதோ சிக்கியிருக்கும். மீன் முள், பாக்குத் துண்டு, துருத்திக்கொண்டிருக்கும் சிமெண்ட், சரியாகப் பொருந்தாத கேப், முளைக்க இடமில்லாமல் கிடக்கும் கடைசிப் பல். இதற்கு வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாய் முழுக்கப் பல இடத்தில் என்றால் படலமும் காரையும்தான் முதல் சந்தேகம்.

கடைசியாக, ஈறை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சீழ் வந்தால், பல் ஆடினால், முன்பு இல்லாத இடைவெளி வந்திருந்தால், நேராக 8-ஆம் படிக்குப் போங்கள். ஈறின் நுனி அரித்து, சாம்பல் நிறம் படர்ந்து, வலியும் கடும் நாற்றமும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். சரியாகச் சாப்பிடாமல் தூக்கம் கெட்டு உழைக்கிற இளவயதுக்காரர்களுக்கும் புகைபிடிக்கிறவர்களுக்கும் இது வரும்.

இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒப்பிடுவதற்கு வேறு சாட்சி இருக்காது.

4. வாங்கி வைக்க வேண்டியவை

சாஃப்ட் என்று அட்டையில் போட்டிருக்கும் சிறிய தலை பிரஷ் ஒன்று. ஹார்ட் வேண்டாம். "கெட்டியா இருந்தாத்தானே அழுக்கு போகும்" என்று கேட்காதவர்களே இல்லை. படலம் மிருதுவானது, மிருதுவான நார் ஓரத்துக்குள் வளைந்து போகும். கெட்டியான நார் வளையாது, ஈறைத் தேய்த்துக் கீழே இறக்கிவிடும். அந்த இடத்தில் பல் வேர் தெரிந்து கூச ஆரம்பிக்கும்.

ஃப்ளூரைடு உள்ள சாதாரண பேஸ்ட் போதும். விலை கூடியதில் கூடுதல் பலன் இல்லை.

பல்லிடுக்கு பிரஷ். சின்ன பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி இருக்கும், கம்பம், போடி, கட்டப்பனை மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். இடுக்கு நெருக்கமாக உள்ளவர்களுக்கு ஃப்ளாஸ் நூல்.

வாங்கக் கூடாதது: சிவப்புப் பல்பொடி, உமிக்கரி, செங்கல்தூள். மலையோரம் இரண்டு பக்கமும் இன்னும் இது புழக்கத்தில் இருக்கிறது. சொரசொரப்பான பொடி பல்லின் மேற்பரப்பைத் தேய்க்கும். அதைவிடப் பெரிய கெடுதல், சிவப்புப் பொடியில் ரத்தம் தெரியாது. வருடக்கணக்கில் ரத்தம் வந்தும் தெரியாமலே பல் ஆடிய பிறகு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆலங்குச்சி, வேப்பங்குச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். நன்றாக மென்று மெத்தென்று ஆக்கித் துலக்கினால் பல்லின் வெளிப்பக்கம் சுத்தமாகும். ஆனால் உட்பக்கமும் இடுக்கும் அதற்கு எட்டாது, ஈறில் ரத்தம் வரும் காலத்தில் அது மட்டும் போதாது.

5. பிரஷ்ஷை ஈறோரத்தில் வையுங்கள்

இந்தப் படியில்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். இருபது வருடம் தினமும் துலக்கியவர்கள்கூட ஈறோரத்தை ஒருநாளும் தொட்டிருக்க மாட்டார்கள். பல்லின் நடுவைத்தான் தேய்த்திருப்பார்கள். அங்கே அழுக்கே இருக்காது.

பட்டாணி அளவு பேஸ்ட் எடுங்கள். பிரஷ்ஷின் நாரில் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி, ஈறை நோக்கிச் சாய்த்து வையுங்கள். மேல் பல்லுக்கு நார் மேலே பார்க்க வேண்டும், கீழ்ப் பல்லுக்குக் கீழே. இந்தச் சாய்வு ஏறக்குறைய 45 டிகிரி. வைத்த இடத்திலேயே, இடம் மாறாமல், மிகச் சின்னதாகப் பத்து முறை அசையுங்கள். அப்புறம் ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி ஒரு முறை உருட்டி இழுங்கள். இரண்டு மூன்று பல் தாண்டி அடுத்த இடம்.

பிரஷ்ஷைக் கைப்பிடி நிறையப் பிடிக்க வேண்டாம். பேனா பிடிப்பது போல விரல்களால் பிடியுங்கள். அழுத்தம் தானாகக் குறையும். நார் அகலமாக விரிந்தால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

வரிசை வைத்துக்கொள்ளுங்கள். நான் கற்றுக்கொடுப்பது: முதலில் கீழ் உட்பக்கம், பிறகு மேல் உட்பக்கம், பிறகு வெளிப்பக்கங்கள், கடைசியில் மெல்லும் பரப்பு. உட்பக்கத்தை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், வெளிப்பக்கத்தில் ஆரம்பிக்கிறவர்கள் உட்பக்கம் வருவதற்குள் வாயில் நுரை நிறைந்து துப்பிவிடுகிறார்கள். முன்பற்களின் உட்பக்கத்துக்கு பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடியுங்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். கடிகாரம் பார்த்துச் செய்து பாருங்கள், எவ்வளவு நீளமான நேரம் என்று தெரியும்.

ரத்தம் வந்த இடத்தில் நிறுத்தாமல் இன்னும் மெதுவாக, இன்னும் கவனமாக அசையுங்கள். முதல் மூன்று நான்கு நாள் ரத்தம் கூடுதலாகவே தெரியும். பயப்பட வேண்டாம், தொடாமல் விட்டிருந்த இடத்தை இப்போதுதான் தொடுகிறீர்கள்.

தோட்ட வேலைக்குப் போகிற பெண்களிடம் நான் தனியாக ஒன்று சொல்வேன். காலையில் நாலு மணிக்கு எழுந்து, சோறாக்கி, தூக்குவாளி கட்டி, ஜீப்புக்கு ஓடுகிற நேரத்தில் இரண்டு நிமிடம் நின்று துலக்கு என்றால் நடக்காது. அதனால் இரவை முதன்மையாக வையுங்கள். ராத்திரி சாப்பாடு முடித்து, கடைசியாகப் படுக்கப்போகும்போது முழுசாக, வரிசையாக. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவு, படலம் வளர்வதற்கு அதுதான் வசதியான நேரம். காலையில் முடிந்த அளவு துலக்குங்கள். ஒருமுறை எங்களிடம் வந்த வண்டன்மேட்டு அக்கா ஒருவர், "ராத்திரி துலக்குனா குழந்தைங்க சிரிக்குதும்மா, எங்கயோ கல்யாணத்துக்குப் போற மாதிரின்னு" என்றார். அதே அக்கா மூன்றாவது வாரம் ஈறு சுருங்கி இறுகிய வாயோடு வந்து உட்கார்ந்தார். இரவுத் துலக்கலையும் அடுத்த படியில் வரும் இடுக்கு வேலையையும் தவிர அவர் வேறெதுவும் மாற்றவில்லை.

6. பல்லிடுக்கு

ஈறு நோய் பெரும்பாலும் இரண்டு பல்லுக்கு நடுவில்தான் தொடங்குகிறது, பிரஷ் அங்கே போகாது. இரவில் துலக்குவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். துலக்கிய பிறகு என்று வைத்தால் தூக்கம் வந்து விட்டுப்போகும்.

இடுக்கு பிரஷ்ஷை பேஸ்ட் இல்லாமல், ஈறுக்கு ஒட்டினாற்போல் நுழைத்து முன்னும் பின்னும் நாலைந்து முறை இழுங்கள். நுழையவில்லை என்றால் திணிக்காதீர்கள், சிறிய அளவு வாங்குங்கள். லொடலொடவென்று போனால் பெரிய அளவு வேண்டும். ஒரே வாயில் இரண்டு அளவு தேவைப்படுவது சகஜம்.

ஊக்கு, தீக்குச்சி, சேலைப் பின், ஈர்க்குச்சி எதுவும் வேண்டாம். இடுக்கில் உள்ள ஈறு நுனியைக் கிழித்துவிட்டால் அது பழைய உயரத்துக்கு வருவது கடினம், பிறகு சோறு இன்னும் அதிகமாகச் சிக்கும்.

7. உப்பு நீர், எண்ணெய், மவுத்வாஷ்

இளஞ்சூடான ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை கொப்பளிக்கலாம். வீக்கத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் படலத்தை அது பெயர்க்காது. கல் உப்பை ஈறில் வைத்துத் தேய்ப்பதும், எலுமிச்சைச் சாறு விடுவதும், கிராம்பு எண்ணெயை நேராகத் தடவுவதும் புண்ணில் புண்.

நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வாயில் வைத்துக் கொப்பளிக்கிற பழக்கம் இருந்தால் செய்யுங்கள், தடை இல்லை. அதைத் துலக்கலுக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

குளோரெக்சிடின் மவுத்வாஷ் நல்ல மருந்து, அதனால்தான் அளவோடு வேண்டும். பொதுவாக 0.2 சதவீதக் கரைசலில் 10 மில்லி, ஒரு நிமிடம், காலை மாலை, அதிகபட்சம் இரண்டு வாரம். அதற்கு மேல் போனால் பல்லும் நாக்கும் பழுப்பேறும், சுவை மாறும். கட்டன் சாயா (பால் இல்லாத தேநீர்) அடிக்கடி குடிப்பவர்களுக்குக் கறை சீக்கிரம் ஏறும். பேஸ்ட்டில் துலக்கியதும் இதை ஊற்றினால் வேலை குறையும், நடுவில் அரை மணி நேரம் விடுங்கள். நாங்கள் பார்க்கும் வழக்கமான தவறு, துலக்குவதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் இதையே கொப்பளிப்பது. நாற்றம் குறையும், ரத்தமும் கொஞ்சம் குறையும், அடியில் காரை வளர்ந்துகொண்டே இருக்கும்.

மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவதும் இதே கணக்குதான். சாதாரண ஈறு அழற்சிக்கு அது தேவையே இல்லை.

வைட்டமின் சி மாத்திரை பற்றியும் கேட்பார்கள். சத்துக் குறைவால் ஈறில் ரத்தம் வருவது உண்மைதான், ஆனால் அதற்குப் பல வாரம் காய்கறி, பழம் எதுவுமே சாப்பிடாமல் இருந்திருக்க வேண்டும். நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுங்கள், நல்லது. காரை இருக்கும் வாயில் மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள்.

8. காரையை எடுக்க எப்போது போவது

மூன்றாம் படியில் காரை தட்டுப்பட்டிருந்தால் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் துலக்கலைத் திருத்திய அதே வாரத்தில் போய்விடுங்கள். துலக்கலைத் திருத்தாமல் காரையை மட்டும் எடுத்தால் சில மாதத்தில் மறுபடி அதே வாய். காரையை எடுக்காமல் துலக்கலை மட்டும் திருத்தினால் கல்லின் மேல் துலக்குகிறீர்கள். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

காசு கஷ்டம் என்றால் தாலுகா அரசு மருத்துவமனையில் பல் பிரிவு உண்டா என்று கேளுங்கள். பெரிய சிகிச்சை வேண்டும் என்றால் இந்தப் பக்கம் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மலைக்கு அந்தப் பக்கம் கோட்டயம் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. காலையிலேயே போங்கள், ஆதார் அட்டையும் பழைய மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

நாற்காலியில் உட்காருவதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை: சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்டா, இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கிறதா, கர்ப்பமா, எந்த மருந்துக்காவது ஒவ்வாமை உண்டா. செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கூட்டமான நாளில் கேட்க மறந்துபோவது எங்கள் பக்கமும் நடக்கும்.

காரை எடுக்கும் கருவி அதிர்வால் கல்லைத் தட்டிவிடுகிறது, கூடவே தண்ணீர் பீய்ச்சுகிறது. பல்லைச் சீவுவதில்லை. அப்புறம் மெல்லிய அளவுகோலை ஈறுக்குள் விட்டு ஆழம் பார்ப்பார்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4-உம் அதற்கு மேலும் என்றால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை போல் ஆகிவிட்டது, மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அளந்த எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை குறைந்ததா என்று பார்க்க அது வேண்டும்.

"கிளீன் பண்ணினா பல்லு ஆடும், சந்து விழும்" என்று ஊரெல்லாம் பேச்சு இருக்கிறது. இந்தப் பேச்சுக்குப் பயந்து பல்லை இழந்தவர்கள் பலர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சந்து ஏற்கெனவே இருந்தது. காரை அதில் சிமெண்ட் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் வீங்கியிருந்த ஈறும் வற்றிச் சுருங்குகிறது, மறைந்திருந்த இடைவெளி வெளியே தெரிகிறது. எலும்பு கரைந்து ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரைதான் பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் பிடித்திருந்தது. பல்லைக் கெடுத்ததும் அதே காரைதான். சுத்தம் செய்த பிறகு ஒன்றிரண்டு வாரம் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். வண்டன்மேட்டுக் குளிரில் இது அதிகமாகவே தெரியும், வெந்நீர் கலந்து துலக்குங்கள், தணிந்துவிடும்.

9. இரண்டாவது வாரக் கணக்கு

ஒழுங்காகச் செய்தால் முதல் வாரத்தின் கடைசியில் ரத்தம் குறையும். இரண்டாவது வாரத்தில் பெரும்பாலான இடங்களில் நின்றுவிடும். மூன்றாம் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள்.

காரையும் எடுத்தாயிற்று, துலக்கலும் சரி, ஆனால் ரத்தம் அப்படியே இருக்கிறது என்றால் சர்க்கரையைப் பாருங்கள். என் அம்மாவுக்கு அப்படித்தான் தெரியவந்தது. மூன்று மாதம் ஈறுக்கு வைத்தியம் பார்த்தும் கேட்காமல், வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை எப்போதோ ஏறியிருந்தது. சர்க்கரை கூடினால் ஈறு ஆறாது. ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரையும் கட்டுப்படாது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. தமிழ்நாட்டுப் பக்கம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, மாத்திரைகள். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடாயின் இரண்டும் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். தடித்த ஈறைத் துலக்குவது கடினம், அதனால் ரத்தம். நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்தவரிடம் இப்படி ஆகிறது என்று சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கும்.

10. வெற்றிலை, முறுக்கான், புகையிலை

ஏலக்காடு ஈரக்காடு, அட்டை கடிக்கும், குளிரும். வாயில் ஒரு துண்டு புகையிலை இருந்தால் பசியும் குளிரும் தெரியாது என்று சொல்வார்கள். அந்த உழைப்பைப் பார்த்தவளாக, விடு என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் ஈறைப் பொறுத்தவரை தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு.

நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அதனால் ஈறில் ரத்தம் குறைவாகவே வரும், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும். "எனக்கு ரத்தமெல்லாம் வராது" என்று அவர்கள் சொல்வது நல்ல செய்தி இல்லை. வெற்றிலைச் சிவப்பும் அப்படித்தான் ரத்தத்தை மறைக்கும்.

விட்ட பிறகு சில வாரம் ரத்தம் கூடுவதுபோல் தெரியலாம். இதைப் பார்த்து, புகையிலைதான் ஈறைக் காப்பாற்றியது என்று மறுபடி தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். அது ரத்த ஓட்டம் திரும்புவதன் அடையாளம், தொடர்ந்து துலக்கினால் அடங்கும். விடுவதற்கு உதவி வேண்டும் என்றால் 1800 11 2356 என்ற தேசிய எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

புகையிலை ஒதுக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் இவற்றில் எது இருந்தாலும் ஈறு வைத்தியத்தைத் தள்ளிவைத்து அதை முதலில் காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது.

11. கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் சின்ன படலத்துக்கும் ஈறு பெரிதாக வீங்கும். இரண்டாவது மாதத்தில் தொடங்கி எட்டாவது மாதம் வரை கூடும், பிரசவத்துக்குப் பின் தணியும். இரண்டு பல்லுக்கு நடுவில் சிவந்த சதைக்கட்டியாக வளர்ந்து பயமுறுத்துவதும் உண்டு, அது புற்றுநோய் இல்லை, ஆனால் காட்டிவிட வேண்டும். பல் சுத்தம் செய்துகொள்வது குழந்தைக்கு ஆகாது என்று மாமியார்கள் தடுப்பதைப் பார்க்கிறேன். தவறு. செய்யலாம், நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை உட்காருவதற்கும் வசதியான காலம்.

மசக்கையில் பிரஷ் வைத்தாலே குமட்டினால், குழந்தைகளுக்கான சின்ன பிரஷ்ஷை வாங்கி, குமட்டல் இல்லாத வேளையில் துலக்குங்கள். வாந்தி எடுத்த உடனே துலக்க வேண்டாம். வயிற்று அமிலத்தில் பல் மேற்பரப்பு இளகியிருக்கும். தண்ணீரில் கொப்பளித்து அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் துலக்கிவிட வேண்டும், அவர்கள் கைக்கு அந்த நுணுக்கம் வராது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் இடத்தில் கொஞ்சம் ரத்தம் வருவது இயல்பு. வயதுக்கு வரும் பருவத்தில் ஈறு வீங்குவதும் உண்டு, துலக்கலைத் திருத்தினால் போதும்.

12. மூன்றாம் மாதம்

பிரஷ்ஷை மாற்றுங்கள். நார் அதற்கு முன்பே விரிந்திருந்தால் அப்போதே. கண்ணாடி முன் மறுபடி அதே ஐந்து நிமிடம்.

வெறும் அழற்சி மட்டும் இருந்தவர்கள் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை காட்டினால் போதும். பை விழுந்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும், ஆழமான பையின் அடியில் கிருமி திரும்பக் குடியேற அந்தக் காலம் போதும். தோட்டத்தில் காய் எடுக்கும் மும்முரமான மாதங்களில் லீவு கிடைக்காது என்று தெரியும். அதனால் முதல் தடவை வரும்போதே அடுத்த தேதியை வேலை குறைந்த மாதத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். அந்தத் தேதிக்கு முன்பே ஏதாவது ஒரு இடத்தில் மறுபடி ரத்தம் தெரிந்தால், அன்று இரவு அந்த இடத்தில் பிரஷ்ஷைக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தி, மெதுவாகப் பத்து முறை அசையுங்கள்.